இடும்பன் இறக்கி வைத்த மலை





இன்னைக்குக் கொஞ்சம் கனமான ஒரு கேள்வி. வீட்டுல 15, 16 வயசுப் பிள்ளை ஒருநாள் காலையில "நான் ஸ்கூலுக்குப் போகலை"ன்னு சொல்லிடுது. மறுநாளும் அதேதான். ஒரு வாரம் ஓடிப் போச்சு. அப்பா கத்துறார், அம்மா அழுறாங்க, பாட்டி உப்பு மிளகாய் சுத்திப் போடுறாங்க. ஒண்ணும் அசையலை. அப்போ எல்லாரும் உங்க பக்கம் திரும்புவாங்க. "நீ சொன்னா கேப்பான், கொஞ்சம் பேசிப் பாரு."

இதைப் படிக்கிற உங்கள்ல நிறையப் பேருக்கு வயசு இருபதுகள்ல இருக்கும். அந்தப் பிள்ளைக்கு நீங்க அண்ணன், அக்கா, மாமா பையன், அத்தை பொண்ணு. பெத்தவங்ககிட்ட சொல்ல முடியாததை உங்ககிட்ட சொல்லலாம்னு அது நினைக்கும். அதனால இது பெத்தவங்க கவலை மட்டும் இல்லை, நம்ம பொறுப்பும்தான். போக மாட்டேன்னு சொல்ற பிள்ளையைக் கட்டாயப்படுத்தி இழுத்துட்டுப் போறது தர்மமா? "அவன் இஷ்டம்"னு விட்டுடறது தர்மமா?

ரெண்டும் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றதுக்கு நம்ம பழனிக் கதை ஒண்ணு உதவும்.

நேத்து தூக்கினவன் இன்னைக்கு ஏன் தூக்கலை?

பழனிப் படி ஏறினவங்க எல்லாரும் நடுவழியில இடும்பன் சந்நிதியைக் கும்பிட்டிருப்பீங்க. கதையும் தெரிஞ்சிருக்கும். அகத்தியர் சொன்னார்னு சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் காவடியாக் கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தவன் இடும்பன். எவ்வளவு தூரம்! வழியில களைப்பு. ஆவினன்குடி பக்கத்துல இறக்கி வச்சுக் கொஞ்சம் இளைப்பாறினான். திரும்பத் தூக்கப் போனா, மலை அசையலை.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. அதே இடும்பன். அதே தோள். அதே மலை. நேத்து வரைக்கும் தூக்கினான், இன்னைக்கு முடியலை. அவனைச் சோம்பேறின்னு சொல்ல முடியுமா? "நேத்து தூக்கினியே, இன்னைக்கு மட்டும் என்ன நடிப்பு?"ன்னு கேக்க முடியுமா? மலை மேல ஒருத்தர் நிக்கிறார், அதான் காரணம். கீழே நிக்கிறவங்க கண்ணுக்கு அது தெரியாது. மேல ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்.

உவமையை அளவோடதான் எடுத்துக்கணும். இடும்பன் தூக்கின மலை மேல கோவணமும் தண்டுமா நின்னது நம்ம குமரன். அது அருள். நம்ம வீட்டுப் பிள்ளையோட புத்தகப் பை மேல ஏறி நிக்கிறது அருளா இருக்காது. பயமா இருக்கலாம், அவமானமா இருக்கலாம், ஒரு நோயா இருக்கலாம், ஒரு ஆளாக்கூட இருக்கலாம். ஆனா பாடம் ஒண்ணுதான். நேத்து வரைக்கும் தூக்கின பிள்ளை இன்னைக்குத் தூக்கலைன்னா, முதல்ல பார்க்க வேண்டியது மலை மேல யார் நிக்கிறாங்கன்னு. தோளை அடிக்கிறதுல பிரயோஜனம் இல்லை.

கட் அடிக்கிறது வேற, போக முடியாதது வேற

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, பாதியில திரும்பி சினிமாவுக்கோ கிரவுண்டுக்கோ போறதை நாம "கட் அடிக்கிறது"ன்னு சொல்றோம். அது வீட்டுக்குத் தெரியாம நடக்கும். நான் சொல்றது அது இல்லை. இது வீட்டுக்குள்ளேயே நடக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சே நடக்கும். ராத்திரி பையெல்லாம் எடுத்து வச்சிருக்கும். காலையில வயித்து வலி, தலைவலி, வாந்தி. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே முகம் மாறிடும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல சரியாயிடும்.

"லீவு நாள்ல மட்டும் எப்படி வலி வரலை? நடிப்பு!"ன்னு பெரியவங்க சொல்வாங்க. வலி நிஜம். பயத்துக்கும் குடலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. நேர்காணலுக்கு முன்னாடி நமக்கு வயிறு கலக்குதே, அது என்ன நடிப்பா? அதே சமயம், உடம்புல வேற கோளாறு இருக்கான்னு ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடணும். ரத்தசோகை, தைராய்டு மாதிரி எதாவது இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விடக்கூடாது.

கிறிஸ்டோஃபர் கியர்னிங்கிற அமெரிக்க உளவியலாளர் பல வருஷமா இதைத்தான் ஆராய்ஞ்சார். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போக மறுக்கிற காரணங்களை அவரும் கூட இருந்தவங்களும் நாலாப் பிரிச்சாங்க. ஒண்ணு, அந்த இடமே தர்ற பதற்றத்துல இருந்து தப்பிக்க. ரெண்டு, நாலு பேர் முன்னாடி பேசுறது, பரீட்சை எழுதுறது மாதிரி அடுத்தவங்க எடை போடுற நேரங்கள்ல இருந்து தப்பிக்க. மூணு, வீட்டுல இருக்கிற ஒருத்தரை விட்டுப் பிரிய முடியாம, அவங்க கவனத்துக்காக. நாலு, வெளியிலயோ வீட்டுலயோ பள்ளிக்கூடத்தை விடச் சுவையான ஒண்ணு இருக்கறதால.

நாலுக்கும் மருந்து ஒண்ணு இல்லை. நாலாவதுக்கு போனை ஒழுங்குபடுத்தினா பலன் இருக்கும். ரெண்டாவதுக்கு போனைப் பிடுங்கினா, அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருந்த ஒரே மூச்சுக் குழலையும் அடைச்ச மாதிரி. மூணாவதுல, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருக்கலாம். அப்பா குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரோ என்னமோ, "நான் இல்லாதப்ப அம்மாவுக்கு என்ன ஆகும்?"ங்கிற பயத்துல பிள்ளை வாசல்லயே காவல் நிக்கலாம். அந்த வீட்டுல பிள்ளைக்கு ஆலோசனை சொல்லி என்ன பிரயோஜனம்? அப்பாவைத்தான் சரி பண்ணணும்.

"டார்க்யூ"

என் சித்தி பையன் விஷயத்துல இதை நேர்லயே பார்த்தேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், எப்பவும் முதல் மார்க். நல்ல மார்க் எடுத்துட்டான்னு பிளஸ் ஒன்னுக்கு வேற ஊர்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில சேர்த்தாங்க. காலாண்டு லீவு முடிஞ்சது. போக மாட்டேன்னுட்டான். சித்தி என்னைக் கூப்பிட்டாங்க.

"ஏன்டா போகலை?"ன்னு நான் கேக்கலை. அதை ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தாங்க, எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "பிடிக்கலை." நான் வேற மாதிரி கேட்டேன்.

"காலையில வயிறு எப்பலேருந்துடா வலிக்க ஆரம்பிக்குது?"

"குளிக்கும்போது ஒண்ணும் இல்லக்கா. சாக்ஸ் போடும்போதுகூட இல்ல. வேன் ஹாரன் கேட்டதும் சுருட்டிப் பிடிக்கும்."

"எல்லா நாளுமா?"

கொஞ்சம் யோசிச்சான். "செவ்வாயும் வியாழனும் ரொம்ப."

டைம்டேபிளை எடுத்துப் பார்த்தோம். அந்த ரெண்டு நாளும் ரெண்டாவது பீரியட் ஃபிசிக்ஸ். ரொம்ப நேரம் கழிச்சு அவனே சொன்னான். வகுப்புல எழுந்து வாசிக்கச் சொல்லியிருக்காங்க. 'டார்க்'னு சொல்ல வேண்டிய வார்த்தையை எழுத்துக்கூட்டி 'டார்க்யூ'ன்னு வாசிச்சிருக்கான். வகுப்பே சிரிச்சிருக்கு, ஆசிரியரும் சேர்ந்து. அன்னையிலேருந்து அவன் பேரே டார்க்யூ. வேன்ல, கேன்டீன்ல, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல. தமிழ்ல 'திருப்பு விசை'ன்னு சொன்னா அதுக்குக் கணக்கே போட்டுக் காட்டுற பையன் அவன். எப்பவும் முதல் மார்க் வாங்கினவனுக்கு, "என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க"ன்னு வீட்டுல சொல்றதுக்கு வாய் வரலை. முதல் மார்க்குங்கிறது ஒரு கிரீடம்னா, அதைக் கழட்டி வச்சிட்டு அழ அவனுக்கு இடமே இல்லை.

கேட்டா சின்ன விஷயம்னு தோணும். "இதுக்குப் போயா?"ன்னு கேக்க வாய் துறுதுறுங்கும். தயவுசெஞ்சு கேக்காதீங்க. மலை மேல நிக்கிறது சின்னப் பையன்தானேன்னு இடும்பன்கூடத்தான் நினைச்சான்!

உட்காரலாம், இறுகக் கூடாது

சரி, காரணம் தெரிஞ்சிடுச்சு. இனி என்ன? "பாவம், கஷ்டப்பட்டிருக்கான், போகவே வேண்டாம்"னு விட்டுடலாமா?

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவங்களுக்கு இதுக்குப் பதில் தெரியும். நடந்து நடந்து பாதம் கொப்புளிச்சு ஒருத்தர் ரோட்டோரம் உட்கார்ந்துடுவார். யாராவது அவரைத் திட்டுவாங்களா? "ஏன் விரதம் இருந்தே, ஏன் மாலை போட்டே?"ன்னு கேப்பாங்களா? பந்தல்ல இருக்கறவங்க ஓடி வந்து மோர் கொடுப்பாங்க, காலுக்குத் தைலம் தேச்சு விடுவாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆள் காலைத் தொட்டு அமுக்கி விடுவாங்க.

ஆனா கூட வர்ற குருசாமி ஒண்ணு சொல்வார்: "ரொம்ப நேரம் உட்காராதே சாமி, கால் இறுகிடும்." அனுபவஸ்தர் பேச்சு. பத்து நிமிஷம் உட்கார்ந்தா கால் ஆறும். ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு எழுந்து பாருங்க, முதல் அடி வைக்கும்போது உயிர் போகும்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். போகாம இருக்கிற ஒவ்வொரு நாளும் அன்னைக்கு நிம்மதியா இருக்கும், ஆனா மறுநாள் பயத்தைக் கொஞ்சம் பெருசாக்கும். பாடம் ஏறிப் போயிருக்கும். "இத்தனை நாள் எங்கே போனே?"ன்னு கேப்பாங்களேங்கிற கூச்சம் புதுசா சேர்ந்துக்கும். ராத்திரி முழுக்க போன், பகல் முழுக்கத் தூக்கம்னு பொழுதே தலைகீழாயிடும். கடைசியில, முதல்ல போகாம இருந்த காரணம் கரைஞ்ச பிறகும் போக முடியாது. அதனாலதான் "அவன் இஷ்டம்"னு விடறதை நான் கருணைன்னு சொல்ல மாட்டேன். பந்தல்லயே படுக்க வச்சிட்டு யாத்திரை போயிடற மாதிரி அது.

இழுத்துட்டுப் போறதும் உதவாது. அஞ்சு வயசுன்னா தூக்கிட்டுப் போய் விடலாம், ரெண்டு நாள் அழுதுட்டுப் பழகிடும். 16 வயசுப் பையனை யார் தூக்குறது? அடிச்சு அனுப்பினா, பள்ளிக்கூடமும் பயம், வீடும் பயம்னு ஆகும். ரெண்டு பக்கமும் பயம் இருக்கிற பிள்ளை மூணாவது பக்கம் பார்க்க ஆரம்பிக்கும். அந்த மூணாவது பக்கம் எதுன்னு நான் சொல்லணும்னு இல்லை.

இடையில இருக்கிற வழிக்குப் பேரு கூட நடக்கிறது. கொஞ்சம் உட்கார விட்டு, காலை அமுக்கி விட்டு, "அடுத்த பந்தல் வரைக்கும் போகலாமா சாமி?"ன்னு கேக்கறது. எங்க சித்தி பையனுக்கு முதல் வாரம் பள்ளிக்கூடமே கிடையாது. எழுந்து, குளிச்சு, வழக்கமான நேரத்துக்கு யூனிஃபார்ம் போடறது மட்டும்தான். அப்புறம் கேட் வரைக்கும் போயிட்டு வந்தோம். சித்தப்பா வகுப்பாசிரியரைத் தனியாப் பார்த்துப் பேசினார். சண்டை போடலை, பேசினார். கொஞ்ச நாளைக்கு இவனை எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டாம், அந்தப் பட்டப்பேரை ஆசிரியர் முன்னாடி யாரும் சொல்லாம பார்த்துக்கணும், இவ்வளவுதான் கேட்டது. அந்த ஆசிரியை நல்லவங்க, ஒத்துக்கிட்டாங்க. அடுத்து மத்தியானப் பீரியட் மட்டும். அடுத்து முழு நாள், செவ்வாய் வியாழன் தவிர. கடைசியாத்தான் அந்த ரெண்டு நாள். மொத்தம் ரெண்டரை மாசம் ஆச்சு. இப்பவும் சில செவ்வாய்க்கிழமை முகம் வாடும். ஆனா போறான். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கச் சொல்லி யாரும் சொல்லலை, அவனாத்தான் இருக்கான். முருகனுக்கு உகந்த நாளாச்சே!

ரகசியம் காக்கறதும் காட்டிக் கொடுக்கறதும்

அண்ணன், அக்கா ஸ்தானத்துல பேசப் போறவங்களுக்கு ஒரு தர்மசங்கடம் கண்டிப்பா வரும். "அக்கா, ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு முருகன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணாதீங்க. என்ன சொல்லப் போகுதுன்னு தெரியாம சத்தியம் பண்ணினா, நாளைக்குச் சத்தியத்தை மீறணும், இல்லைன்னா பிள்ளையைக் கைவிடணும். முதல்லயே தெளிவாச் சொல்லிடுங்க: "உன் உசுருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும்டா. மத்தபடி எதுவா இருந்தாலும் உன்னைக் கேக்காம யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்." இப்படிச் சொன்னா பிள்ளை பேசாதுன்னு பயப்பட வேண்டாம். பொய் சொல்லாத ஆள்னு தெரிஞ்சா நம்பிக்கை கூடத்தான் செய்யும். சொன்ன மாதிரியே நடக்கவும் வேணும். "டார்க்யூ" விஷயத்தைச் சித்தப்பாகிட்ட யார் சொல்றதுன்னு நான் அவனையே கேட்டேன். "நீயே சொல்லுக்கா, நான் பக்கத்துல இருக்கேன்"னான். அப்படித்தான் சொன்னேன்.

ஆசிரியரோ உறவுக்காரரோ வேற யாரோ தப்பாத் தொட்டாங்கன்னு பிள்ளை சொன்னா, அது ரகசியம் இல்லை. 1098-க்கு உடனே கூப்பிடலாம், குழந்தைகளுக்கான உதவி எண். "இருந்து என்ன பண்ணப் போறேன்"கிற மாதிரி பேச்சு வந்தா, அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. தனியா விடாதீங்க. மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கு, இலவசம், எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனைக்கும் போகலாம். அருணகிரிநாதர் திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தப்ப முருகன் என்ன பண்ணினார்? முதல்ல கையில தாங்கினார். உபதேசம் அதுக்கப்புறம்தான். அந்த வரிசையை நாம மாத்தக் கூடாது.

புகார் கொடுத்தா மட்டும் போதாது

இதை எழுதும்போது நாங்குநேரியை நினைக்காம இருக்க முடியலை. 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படிச்ச ஒரு மாணவர் சில நாளாப் பள்ளிக்கூடத்துக்கு வரலை. பள்ளியில இருந்து விசாரிச்சப்பதான் தெரிஞ்சது, கூடப் படிக்கிற பையன்களே சாதி சொல்லித் துன்புறுத்தியிருக்காங்கன்னு. புகார் போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பையன்கள் வீட்டுக்கே அரிவாளோட வந்தாங்க. அவரையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினாங்க. அந்த மாணவர் பிழைச்சு, 2024-ல பிளஸ் டூ தேர்வு எழுதி 600-க்கு 469 வாங்கினார். பள்ளிகள்ல சாதி வேற்றுமையை ஒழிக்க என்ன செய்யலாம்னு ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில அரசு ஒரு நபர் குழு போட்டது. அந்தக் குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில கட்டுற சாதி அடையாளக் கயிறு வேண்டாம்னு அதுல ஒரு பரிந்துரை.

அந்த மாணவர் வராம இருந்த நாட்கள்ல யாராவது "சோம்பேறி"ன்னு சொல்லி அவரை அடிச்சு அனுப்பியிருந்தா? "போக மாட்டேன்"கிறது சில பிள்ளைகளுக்கு ஒரே வாக்குமூலம். அதை அடக்குறவன் சாட்சியை அடக்குறான்.

நாங்குநேரி இன்னொண்ணும் சொல்லுது. உண்மை வெளியில வந்த பிறகுதான் ஆபத்து அதிகம். அதனால "புகார் கொடுத்தாச்சு, இனி போடா"ன்னு அனுப்புறது போதாது. யார் பேர் வெளியில போகும், வழியில கூட யார் வருவாங்க, பள்ளி என்ன பொறுப்பு எடுத்துக்கும், இதையெல்லாம் பெரியவங்க கேட்டுத் தெளிவு பண்ணிக்கணும். பள்ளிக் கல்வித் துறையோட உதவி எண் 14417 இதுக்குத்தான். பழனியில இடும்பனுக்கு என்ன வேலை? காவல். முருகன் கிட்ட போறவங்க வழிக்கு அவன் காவல். பிள்ளை திரும்பப் போற வழிக்கு அப்படி ஒரு ஆள் வேணும்.

"கட்டாயம்" யாருக்கு?

"படிப்பு கட்டாயம்னு சட்டமே சொல்லுதே"ன்னு சிலர் கேப்பாங்க. ஆமாம், 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட பேர்லயே 'கட்டாய' இருக்கு. ஆனா அந்தச் சட்டத்துல கட்டாயக் கல்விங்கிறதுக்கு என்ன பொருள்னு பார்த்தா அழகா இருக்கும். 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கு இலவசமாக் கல்வி கொடுக்கறதும், அவங்க சேர்ந்து, வந்து, படிச்சு முடிக்கிறதை உறுதி பண்றதும் அரசோட கடமை. பெத்தவங்களுக்குச் சேர்க்கிற கடமை. வராத பிள்ளைக்குத் தண்டனைன்னு அதுல எங்கேயும் இல்லை. அது மட்டுமில்லை, பிள்ளையை அடிக்கிறதையும் மனசு நோகத் துன்புறுத்துறதையும் 17-ஆம் பிரிவு தடை பண்ணுது. ஆக, கட்டாயம் பெரியவங்க தலையில இருக்கு. அதைத் தூக்கிப் பிள்ளை தலையில வச்சது நாமதான்.

வேண்டுதலைப் பத்தி ஒரு வார்த்தை

சஷ்டி விரதம் இருங்க, கவசம் படிங்க, பழனிக்கு நேர்ந்துக்குங்க. நானும் இருக்கேன், நானும் படிக்கிறேன். ஆனா ரெண்டு விஷயம் வேண்டாம்.

"நீ ஸ்கூலுக்குப் போகலைன்னா முருகன் தண்டிப்பார்"னு சொல்லாதீங்க. ஏற்கெனவே ஒரு இடத்துல இருந்து பயந்து ஓடி வந்த பிள்ளைக்கு, ஒளிஞ்சுக்க இருக்கிற கடைசி இடம் அந்தச் சந்நிதி. அங்கேயும் பயத்தைக் கொண்டு போய் வச்சா அது எங்கே போகும்? "யாமிருக்கப் பயமேன்"னு வண்டியில ஒட்டியிருக்கோம். அது பரீட்சைக்குப் பயப்படுற பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

இன்னொண்ணு, டாக்டர்கிட்டயோ ஆலோசகர்கிட்டயோ போகாம இருக்கிறதுக்கு விரதத்தைச் சாக்காக்காதீங்க. வேல்னா அறிவு, கூர்மை, அகலம், ஆழம்னு நாமதானே எல்லாருக்கும் சொல்றோம்? அந்த அறிவை இந்த இடத்துல பயன்படுத்தலைன்னா வேற எங்கே பயன்படுத்துறது?

மலை எங்கே போய்ச் சேரணும்?

கடைசியா, இடும்பன் கதையில எல்லாரும் கவனிக்காம விடற ஒரு விஷயம். அகத்தியர் கேட்டது அந்த மலைகளைத் தெற்கே பொதிகைக்குக் கொண்டு வரச் சொல்லி. மலை போய்ச் சேரவே இல்லை. இறக்கி வச்ச இடத்துலயே நின்னுடுச்சு. அந்த இடம் பழனி ஆச்சு.

சில பிள்ளைகளுக்கு, எவ்வளவு பொறுமையாக் கூட நடந்தாலும், அந்தப் பள்ளிக்கூடம் சரிப்படாது. அப்போ பள்ளியை மாத்தலாம், குரூப்பை மாத்தலாம், மீடியத்தை மாத்தலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமா பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதலாம். தனித்தேர்வராப் பொதுத்தேர்வு எழுதலாம். பத்தாவது முடிச்சிருந்தா ஐடிஐ இருக்கு, பாலிடெக்னிக் இருக்கு. இதெல்லாம் தோத்தவங்க போற வழின்னு சொல்ற வாயை முதல்ல மூடணும். படிப்பை நிறுத்துறது வேற, படிக்கிற இடத்தை மாத்துறது வேற. முதலாவதுக்குச் சீக்கிரம் தலையாட்டாதீங்க. ரெண்டாவதுக்கு, "சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க"ங்கிற ஒரே காரணத்துக்காகத் தலையாட்டாம இருக்காதீங்க.

அதனால, அடுத்த தடவை "நீ சொன்னா கேப்பான்"னு யாராவது உங்களை அனுப்பினா, சொல்றதுக்குப் போகாதீங்க, கேக்கறதுக்குப் போங்க. எந்த நாள், எந்த நேரம், எந்த இடம்னு சின்னச் சின்னதாக் கேளுங்க. ரெண்டு நாள் பதிலே வராது, பக்கத்துல உட்கார்ந்து சேர்ந்து டீ குடிச்சிட்டு வாங்க, போதும். மூணாவது நாள் வரும். வந்ததும் பெரியவங்களைச் சேர்த்துக்கிட்டு மெதுவா, ஒரு பந்தல் தாண்டி அடுத்த பந்தல்னு கூட நடங்க.

இப்போ உங்க வீட்டுலயோ தெருவுலயோ அப்படி ஒரு பிள்ளை கதவைச் சாத்திட்டு உள்ளே இருந்தா, இதைப் ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி அந்தக் கதவை ஒருதடவை மெதுவாத் தட்டிட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!